பழைய டர்போவும் அதன் சென்சார்களும்

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் கிடைத்தது. மீனா வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. சின்ன வயசிலேயே எதையாவது கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, நன்றாக வருவாள். இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து, பொடி எழுத்துகூட மறுபடி தெளிவாகத் தெரிகிறது. படிக்கிற சந்தோஷத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வோல்வோ 740 டர்போவை நீ இன்னும் விற்காமல் வைத்திருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் திணறுகிறது, சூடேறியபின் ஓட்டத்திலேயே திடீரென்று அணைந்துவிடுகிறது, பூஸ்ட் (டர்போ அமுக்கித் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது தயங்குகிறது என்று எழுதியிருந்தாய். எல்லா சென்சாரையும் ஒரேயடியாக மாற்றச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். தயவுசெய்து அப்படிச் செய்யாதே. அந்த மூன்று தொல்லைக்கும் மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாது; புதிதாக வந்த சென்சாரே தப்பான அளவு காட்டினால் அதுவும் தெரியாது.

என் கருத்து இதுதான். சென்சார் வாங்கும்போது மரை பொருந்துகிறதா, கனெக்டர் பொருந்துகிறதா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். ஈசியூ, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி, எந்த சிக்னலை எதிர்பார்க்கிறதோ அதைக் கொடுக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு வெளியுலகம் தெரியாது. வருகிற வோல்டேஜை அப்படியே நம்பிப் பெட்ரோலை அளக்கும். செத்துப்போன சென்சாரை அது பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். உயிரோடு இருந்து பொய் சொல்லும் சென்சாரைக் கண்டுபிடிக்காது. டர்போ எஞ்சினில் அந்தப் பொய்யின் விலை பிஸ்டன்.

சூடானதும் அணைந்துபோவதற்கு முதலில் கிராங்க் சென்சாரை, அதாவது கிராங்க் ஷாஃப்ட் சுழல்வதைக் கவனிக்கும் சென்சாரைப் பார். உன் வண்டியில் போஷ் கம்பெனியின் எல்ஹெச் 2.4 ஃப்யூயல் சிஸ்டமும் ஈஇசட்கே (EZK) இக்னிஷனும் இருப்பதால், எஞ்சினுக்குப் பின்னால் கியர்பாக்ஸ் கூட்டின் மேலே அது உட்கார்ந்திருக்கும். அந்த இடத்துச் சூட்டில் வயரின் தோல் வெடித்து உதிர்வது இந்த வண்டிகளின் பிரபலமான நோய். அது காந்தமும் சுருளும் கொண்ட வகை. ஃப்ளைவீலில் 60 பல்லுக்கான இடத்தில் 2 பல் இல்லாமல் இருக்கும். அந்த இடைவெளியை வைத்துத்தான் கிராங்க் எங்கே நிற்கிறது என்று பெட்டி தெரிந்துகொள்கிறது. கனெக்டரில் மூன்று வயர் இருக்கிறதே என்று ஹால் சென்சாரை (மூன்று வயரில் வேலை செய்யும் வேறு வகை) வாங்கிவிடாதே. மூன்றாவது வயர் வெறும் ஷீல்டு. வயரை வெட்டி ஒட்டவேண்டி வந்தால் இரண்டு சிக்னல் வயரும் இடம் மாறாமல் பார்த்துக்கொள். மாறினால் அலை தலைகீழாகி டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், நகர்ந்துவிடும்.

காலைத் திணறலுக்கு, எஞ்சின் தண்ணீரின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சார். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பார்வைக்குச் சாதாரண இரண்டு பின் போஷ் சென்சார் போலவே இருக்கும். ஆனால் உன் வண்டியில் உள்ளதன் வயிற்றில் இரண்டு தனித்தனித் தெர்மிஸ்டர்கள் (சூட்டுக்கு ஏற்ப ஓம் மாறுபவை). ஒன்று பெட்ரோல் பெட்டிக்கு, இன்னொன்று இக்னிஷன் பெட்டிக்கு. இரண்டுக்கும் எர்த் சென்சாரின் உடம்பு வழியாக. அதனால் ஒவ்வொரு பின்னுக்கும் உடம்புக்கும் இடையில்தான் அளக்க வேண்டும். வேறு வண்டியின் சாதாரண சென்சார் மரையில் அழகாக ஏறி உட்காரும், ஆனால் வேலை செய்யாது. அதே காரணத்தால் மரையில் டெஃப்லான் டேப்பும் சுற்றாதே.

அளவுகளையும் குறித்துக்கொள்: 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 320. பாத்திரத்தில் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், மல்டிமீட்டர் போதும். குளிர்ந்த நிலையிலும் சூட்டிலும், இரண்டு இடத்திலும் அளந்து பார்ப்பது முக்கியம். ஏன் என்றால், ஜிஎம் வண்டிகளின் சென்சார் 100 டிகிரியில் போஷ் சென்சாரோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும்; முன்னது 177 ஓம், பின்னது 187. ஆனால் 0 டிகிரியில் முன்னது சுமார் 9,400, பின்னது சுமார் 5,900. போஷ் பெட்டி அந்த 9,400ஐப் பார்த்து, மைனஸ் 10 டிகிரி என்று முடிவுசெய்து பெட்ரோலைக் கொட்டும். எஞ்சின் சூடானபின் எல்லாம் சரியாகிவிடும், மறுநாள் காலை மறுபடி கரும்புகை. இப்படிப்பட்ட கோளாறைத் தேடி அலைந்து நொந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஏர் மாஸ் மீட்டர். எஞ்சினுக்குள் போகும் காற்றைச் சூடான பிளாட்டினக் கம்பியால் அளப்பது அது. உன் பூஸ்ட் தயக்கத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் ஹோஸ்களைப் பார். மீட்டர் டர்போவுக்கு முன்னால் இருப்பதால், இரண்டுக்கும் நடுவே வெடிப்பு இருந்தால் அளக்காத காற்று உள்ளே புகும், கலவை லீனாகும் (பெட்ரோல் போதாது). டர்போவுக்கு அப்பால் வெடிப்பு இருந்தால் அளந்த காற்று பூஸ்டில் வெளியே போகும், கலவை ரிச்சாகும் (பெட்ரோல் அதிகமாகும்). இரண்டுமே மீட்டர் கெட்டதுபோலத் தோன்றும்.

ஹோஸெல்லாம் சரி என்றால் அந்த பிளாட்டினக் கம்பியைச் சோதி. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஒருமுறை வேகம் ஏற்றி இறக்கி, பிறகு அணை. மீட்டரின் வாய் தெரியும்படி ஹோஸைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிரு. சில விநாடிகளில் கம்பி ஒரு விநாடி நேரம் செக்கச்செவேல் என்று ஒளிர வேண்டும். ஒட்டிய அழுக்கை எரிப்பதற்காக அதை 1,000 டிகிரிக்குச் சூடாக்கும் ஏற்பாடு அது. ஒளிராவிட்டால் கம்பியோ வயரிங்கோ ரிலேவோ சந்தேகத்துக்குரியது. மீட்டரைக் குற்றம் சொல்லும் முன் எர்த் இணைப்புகளையும் தேய்த்துச் சுத்தம் செய்துவிடு.

மாற்று மீட்டர் தேடினால் போஷ் எண்ணைப் பிடித்துக்கொள். கார் கம்பெனியின் எண்ணைவிட அதுதான் உதவும், ஏனென்றால் ஒரே போஷ் உருப்படி பல கம்பெனி வண்டிகளில் வேறு வேறு எண்ணில் இருக்கும். ஏர் மாஸ் மீட்டர்கள் 0 280 212 என்று தொடங்கும், வெப்ப சென்சார்கள் 0 280 130, நாக்கிங்கை (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவதை) கேட்கும் நாக் சென்சார்கள் 0 261 231. மீட்டர் விஷயத்தில் கடைசி மூன்று இலக்கம்தான் உயிர். எல்ஹெச் 2.2வின் மீட்டரும் 2.4இன் மீட்டரும் தோற்றத்தில் அண்ணன் தம்பி, அளவுக் கோடு வேறு.

கம்பிக்குப் பதில் மெல்லிய தகட்டால் அளக்கும் புது வகை ஹாட் ஃபிலிம் மீட்டரைப் பெரிய குழாயில் பொருத்தினால் போதும் என்று உனக்கு யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். கணக்குப் போட்டுப் பார். 70 மில்லிமீட்டர் குழாயில் இருந்த உணர்வியை 80க்கு மாற்றினால் பரப்பு 1.3 மடங்கு ஆகிறது. அதே காற்று மெதுவாகப் போகும், மீட்டர் குறைத்துச் சொல்லும். பெரிய இன்ஜெக்டர் போட்டு ஈடுகட்டலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் அதே காற்றளவை வைத்துத்தான் எஞ்சின் சுமை எவ்வளவு என்று இக்னிஷன் பெட்டிக்கும் செய்தி போகிறது. சுமை குறைவு என்று நம்பி அது டைமிங்கை முன்னே தள்ளும். பூஸ்டில் அப்படி நடந்தால் நாக்கிங்தான். பெட்ரோலை மட்டும் பார்த்து இந்த மாற்றத்தைச் செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் பழைய ஈசியூவை வைத்துக்கொண்டு மீட்டரை மாற்றும் யோசனையை நான் ஆதரிப்பதில்லை. முழுதாக ப்ரோகிராம் செய்யக்கூடிய ஈசியூவுக்குப் போனால் மீட்டரே வேண்டாம், எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் அழுத்தத்தை அளக்கும் மேனிஃபோல்டு அழுத்த சென்சார் போதும். அப்போது 1 பார் சென்சார் வாங்காதே, அது 105 கிலோபாஸ்கலோடு நின்றுவிடும். 0.8 பார் பூஸ்ட் என்றால் வெளிக்காற்றின் 100ஐயும் சேர்த்து மொத்தம் 180 கிலோபாஸ்கல். 2.5 அல்லது 3 பார் வகை வாங்கு, எத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு அழுத்தம் என்ற கணக்கை அச்சில் கொடுத்திருப்பதாகப் பார்த்து.

நாக் சென்சாரில் சிக்கனம் பார்க்காதே. உன் எஞ்சின் சிலிண்டர் விட்டம் 96 மில்லிமீட்டர், அதில் நாக்கிங்கின் ஒலி சுமார் 6 கிலோஹெர்ட்ஸில் வரும். சில கம்பெனிகளின் சென்சார் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மட்டுமே டியூன் ஆனது, வேறு எஞ்சினில் அது செவிடு. பொருத்தும் இடம் பெயின்ட் இல்லாமல் வெறும் உலோகமாக இருக்க வேண்டும், வாஷர் கூடாது, போல்ட்டை 20 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். அதிகம் முறுக்கினாலும் குறைவாக முறுக்கினாலும் அது கேட்பது மாறிவிடும்.

புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார் எளிது. 1976இல் அதை முதன்முதலில் காரில் பொருத்தி விற்றதே வோல்வோதான். சிர்கோனியா வகையாக இருக்கட்டும், டைட்டானியா வேண்டாம். போஷ் வயர் நிறங்கள்: இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். வயரை ஒட்டும்போது சால்டர் செய்யாமல் கிரிம்ப் செய். ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்று அந்த வயர் வழியாகத்தான் உள்ளே போகிறது.

போலி விஷயத்திலும் கவனம். ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பிய பெட்டியில் எண்ணெல்லாம் சரியாக அச்சாகியிருந்தது, உள்ளே இருந்த சென்சார் 80 டிகிரியில் இரண்டு மடங்கு ஓம் காட்டியது. வண்டியில் மாட்டும் முன்பே அளந்ததால் திருப்பி அனுப்ப முடிந்தது. அதைவிட, பழைய வண்டி உடைக்கும் இடத்தில் ஒரிஜினல் சென்சாரைக் கனெக்டரோடும் ஒரு சாண் வயரோடும் வெட்டி எடுத்து வருவது மேல்.

முதலில் கிராங்க் சென்சாரின் வயரை வளைத்துப் பார்த்து, கூலன்ட் சென்சாரின் இரண்டு பின்னையும் அளந்து எனக்கு எழுது. மீட்டரின் கடைசி மூன்று இலக்கத்தையும் சேர்த்து எழுது. என்னிடம் நல்ல நிலையில் ஒன்று சும்மா இருக்கிறது, எண் ஒத்துப்போனால் அனுப்பிவைக்கிறேன். மீனாவுக்கு என் ஆசிகளைச் சொல்.

அன்புடன்,
முரளி