அப்பாவுக்கு மார்ஃபின் கொடுக்கத் தயங்காதே

அன்பு நண்பா,

உன் கடிதம் நேற்று வந்தது. புற்றுநோய்க்கு இனி கீமோ வேண்டாம், அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். போன வருஷம் அம்மாவுக்கும் இதேதான் நடந்தது என்பதால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

அபினிலிருந்து எடுக்கிற வலி மருந்தான மார்ஃபின் மாத்திரையை, தாங்க முடியாத வலி வரும்போது மட்டும் கொடுப்பதாகச் சொல்கிறாய். இந்த விஷயத்தில் உன்னோடு சண்டைதான் போட வேண்டும். சாதாரண மார்ஃபின் சுமார் 4 மணி நேரம்தான் நிற்கும். அவர் முனக ஆரம்பித்த பிறகு கொடுத்தால், அது வேலை செய்கிற வரைக்கும் துடிக்க வேண்டியதுதானே? அதனால்தான் வலி இருக்கிறதோ இல்லையோ, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். நடுவில் வலி கிளம்பினால் கூடுதலாக எவ்வளவு கொடுக்கலாம் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள். அம்மாவை நடு ராத்திரியில் எழுப்பாமல் இருக்க, படுக்கும்போது இரட்டை டோஸ் கொடுக்கச் சொன்னார் எங்கள் டாக்டர். அப்பாவுக்கு அது சரிப்படுமா என்று கேட்டுப் பார். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லிவிடு.

அடிமையாகிவிடுவார் என்று உன் சித்தப்பா பயமுறுத்துகிறாராம். வலிக்காக அளவோடு கொடுக்கும்போது அப்படி ஆவது அபூர்வம். படுத்த படுக்கையாக இருக்கிற மனுஷரைப் பற்றி இந்தக் கவலை எதற்கு என்று நீயே கேள். சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினால் உயிருக்கும் ஆபத்தில்லை. முதல் இரண்டு மூன்று நாள் தூங்கி வழிவார், குமட்டலாம். அப்புறம் தெளிந்துவிடுவார். கடைசி வரை விடாதது மலச்சிக்கல்தான். முதல் நாளிலிருந்தே அதற்கும் மாத்திரை கேட்டு வாங்கிக் கொடு.

மருந்துக்கு அலைவது தனிக் கதை. 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு கெடுபிடிக்குப் பயந்து பல இடங்களில் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டார்கள். 2014-ல் சட்டத்தைத் தளர்த்தியும் பயம் போகவில்லை. கேரளக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை வேலை பரவி, ஊர்க்காரர்களே வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற அளவுக்கு வளர்ந்தது. நம் பக்கமும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைக் கொடுத்துவை.

சாப்பாட்டுக்காக அவரை வதைக்காதே. பசி அடங்கிப்போவது நோயின் போக்கு. அம்மா கடைசியில் ஐஸ்கிரீம் மட்டும்தான் கேட்டாள், அதுவும் இரண்டு ஸ்பூன். சொந்தக்காரர்கள் டிரிப்ஸ் போடச் சொல்வார்கள். அந்த நிலையில் உடம்பு நீரை ஏற்காது, நெஞ்சிலும் காலிலும் கோத்துக்கொள்ளும். ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்து, உதட்டில் வாசலின் தடவு. தொண்டையில் கறகறவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. கேட்கிற நமக்குத்தான் அது கொடுமை, அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அந்த நேரம் பார்த்துப் பெரியவர்கள் பால் ஊற்றக் கிளம்புவார்கள். நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் நெஞ்சடைத்துக்கொள்ளும், உதட்டை நனைத்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவை. எங்கள் வீட்டில் அத்தையிடம் இதற்கே ஒரு பஞ்சாயத்து நடந்தது.

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு அரையாண்டுப் பரீட்சை நடக்கிறது. முடிந்ததும் நாங்கள் இருவரும் வருகிறோம். இரண்டு ராத்திரி நான் அப்பா பக்கத்தில் உட்காருகிறேன், நீ போய்த் தூங்கு. படுக்கைப் புண் வராமல் இருக்க ஏர் பெட் வாங்கப் போவதாக எழுதியிருந்தாய். வாங்காதே, அம்மாவுடையது பரணில் சும்மாதான் கிடக்கிறது, மோட்டாரும் ஓடுகிறது. சனிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். யாராவது ஸ்டாண்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உன் பழைய பெஞ்சுக்காரன்