அந்த நாட்களிலும் துஆ உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ரமலானின் கடைசிப் பத்து இரவுகளை எப்படிக் கழிப்பது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். நல்ல கட்டுரைதான். ஆனால் தொழுங்கள், குர்ஆன் ஓதுங்கள், இஃதிகாஃப் (பள்ளிவாசலில் தங்கி வணங்குவது) இருங்கள் என்று வரிசையாகச் சொன்னவர், அந்தப் பத்து நாளில் மாதவிடாய் வந்து தொழவும் நோன்பு வைக்கவும் முடியாமல் போன பெண் என்ன செய்வாள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. படித்து முடித்ததும் என் மகள் கேட்டாள், "அப்ப எனக்கு லைலத்துல் கத்ர் இல்லையாம்மா?" அந்தப் பத்துக்குள் வரும் மகத்துவமான இரவைத்தான் கேட்டாள்.

அவள் வயதில் நானும் இதையே கேட்டிருக்கிறேன். 27ஆம் இரவு, தெருப் பெண்கள் எல்லாம் வெள்ளைத் துப்பட்டியோடு தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகைக்குப் போகிறார்கள், நான் மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்த பயானைக் கேட்டு அழுதுகொண்டிருந்தேன். என் நன்னிதான் (பாட்டி) இறைத் துதியை எண்ணும் தஸ்பீஹ் மணியைக் கையில் கொடுத்து, "தொழுகையத்தான் வேணாம்னு சொல்லியிருக்கு, அல்லாகிட்ட பேசுறத யாரு வேணாம்னா?" என்றார். லைலத்துல் கத்ர் இரவில் என்ன கேட்பது என்று நபியின் மனைவி ஆயிஷா (ரலி) கேட்டபோது நபி (ஸல்) சொல்லிக்கொடுத்த துஆ (பிரார்த்தனை), "யா அல்லாஹ், நீ மன்னிப்பவன், மன்னிப்பை விரும்புகிறவன், என்னை மன்னிப்பாயாக" என்பது. அதைக் கேட்க ஒளுவும் (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது) வேண்டாம், முஸல்லாவும் (தொழுகை விரிப்பு) வேண்டாம். அன்று விடிய விடிய அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் ஸரிஃப் என்ற இடத்தில் அதே ஆயிஷா (ரலி) மாதவிடாய் வந்து அழுதார்கள். இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது, கஅபாவைச் சுற்றிவரும் தவாஃப் தவிர ஹாஜிகள் செய்வதையெல்லாம் செய் என்றுதான் நபி (ஸல்) சொன்னார்கள். திரும்பிப் போ என்று சொல்லவில்லை. பள்ளிவாசலிலிருந்து விரிப்பை எடுத்துத் தரும்படி நபி (ஸல்) சொன்னபோது ஆயிஷா (ரலி) தயங்க, "உன் மாதவிடாய் உன் கையில் இல்லையே" என்றார்கள். நபி (ஸல்) இஃதிகாஃபில் இருந்துகொண்டே தலையை அறைப் பக்கம் நீட்ட, அந்த நிலையிலேயே ஆயிஷா (ரலி) தலை வாரிவிட்டிருக்கிறார்கள். பெருநாள் திடலுக்கும் மாதவிடாய்ப் பெண்கள் வரவேண்டும், தொழும் இடத்தை விட்டுத் தள்ளியிருந்து துஆவில் கலந்துகொள்ள வேண்டும் என்று நபித் தோழி உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. இதெல்லாம் நம் பெண்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

குர்ஆன் ஓதுவதில் மத்ஹபுகள் என்னும் சட்டப் பிரிவுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. மாலிகியில் ஓதலாம், எங்கள் ஹனஃபியில் கூடாது, ஆனால் துஆவாக வரும் ஆயத்துகளை (வசனங்களை) துஆ என்ற நிய்யத்தில் (எண்ணத்தில்) சொல்லலாம். நான் ஓதிய மதரஸாவில் ஆலிமா (மார்க்கம் கற்ற பெண் ஆசிரியை) அந்த நாட்களில் ஆயத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பிரித்துப் பாடம் எடுப்பார், பாடம் நிற்காது. தொழுகை நேரத்தில் ஒளு செய்து முஸல்லாவில் உட்கார்ந்து தஸ்பீஹ் சொன்னால் பழக்கம் விட்டுப்போகாது என்று ஹனஃபி நூல்களிலேயே இருக்கிறது. அப்புறம் ஸலவாத்து (நபிக்கு வாழ்த்துச் சொல்வது), இஸ்திக்ஃபார் (பாவமன்னிப்புக் கேட்பது), ஸதகா (தானம்) எதற்குமே தடை இல்லை. நோன்பில்லாத அந்தப் பெண்தானே பல வீடுகளில் 3 மணிக்கு எழுந்து சஹருக்குச் சோறாக்குகிறாள், நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சுகிறாள், நோன்பாளிக்கு உணவு கொடுத்தவருக்கும் அதே நன்மை என்று ஹதீஸ் வந்திருக்க அவளை ஏன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விட்ட நோன்பைப் பிறகு களா செய்ய (ஈடாக நோற்க) வேண்டும், தொழுகைக்கு அதுவும் இல்லை, மார்க்கம் அவ்வளவு இலகுவாக்கி வைத்திருக்கிறது. அப்படியிருக்க, தம்பி பார்த்துவிடுவான் என்று என் மகள் கதவுக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்ததை இந்த ரமலானில் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டேன், மகனுக்கும் விஷயத்தைச் சொன்னேன், சரிம்மா என்று போய்விட்டான்.

அடுத்த ரமலானில் கடைசிப் பத்து பற்றி எழுதும்போது ஓர் ஆலிமாவிடம் கேட்டு இதற்கென்று ஒரு பக்கம் தாருங்கள்.

வஸ்ஸலாம்,
ஒரு வாசகி,
உத்தமபாளையம்