இரண்டு கோப்பைகள்

ஓர்வியேட்டோ,
மாலை 5 மணி

அன்புள்ள தம்பிக்கு,

வேலை இருக்கிறது, ரோமுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டாய். அதைப் பற்றி இனிப் பேசமாட்டேன். மியூனிக்கிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகாதாம். போகட்டும்.

இன்று எங்கள் பென்ஷன்காரர் கூட்டம் பதினோரு பேரும் ரயிலேறி இந்த ஊருக்கு வந்தோம். செங்குத்துப் பாறையின் தலையில் ஊர். ரயிலடியிலிருந்து பழனி விஞ்ச் மாதிரி ஒன்று மேலே இழுத்துக்கொண்டு போகிறது. 1888இல் போட்டது, அந்தக் காலத்தில் தண்ணீரின் எடையால் ஓடியதாம். நீ இருந்தால் விளக்கியிருப்பாய். உன் மெடல் கதையை இன்றும் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். அம்மா முறைத்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

1290இல் தொடங்கிய பேராலயத்துக்கு எதிரே கல் திண்ணையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். சுவரெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியான கல். பழைய மேனேஜர் இந்த ஊர் வெள்ளை ஒயினைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார். அம்மா பீங்கான் கடைக்குப் போய்ப் பூப் போட்ட கோப்பை இரண்டு வாங்கிவந்தாள், உனக்கும் மருமகளுக்கும் என்று. இரண்டு சரிதானே?

போன மாதம் வீடியோவில் பேசியபோது உன் பின்னால் ஜன்னலில் கறிவேப்பிலைச் செடி காய்ந்து குச்சியாக நின்றது. அதை அவள் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வாளே. குளிருக்கு அப்படித்தான் ஆகும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்று. வேளைக்குச் சாப்பிடு.

பிற்பகல் ஒரு கிணறு பார்த்தோம். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளமென்ட் இங்கேதான் தஞ்சம் புகுந்தார். முற்றுகை வந்தால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று தோண்டச் சொன்னார். 1537இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இரண்டு படிக்கட்டுகள். தண்ணீர் சுமந்து ஏறும் கழுதை, இறங்கும் கழுதையை முட்டாது. 248 படி. முழங்கால் வேண்டாம் என்றது, இறங்கினேன். பாதியில் மூச்சு வாங்க ஒரு ஜன்னலில் கை ஊன்றி நின்றேன். கல் ஈரமாகச் சில்லென்று இருந்தது. எதிர் ஜன்னலில் கல்லூரிப் பையன் ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான். யாரையோ கூப்பிட்டான்; குரல் கிணறு முழுக்கச் சுற்றியது. முகம் அத்தனை பக்கத்தில். ஆனால் அவன் படிக்குப் போக வேண்டுமானால் நான் அடிவரை இறங்கி, தண்ணீர்மேல் இருக்கும் சின்னப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும்.

ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு ராத்திரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாயே. "அப்பா, வீட்டுக்கு வந்துவிடட்டுமா?" என்றாய். நான் செமஸ்டர் மார்க்கைக் கேட்டேன். மீட்டர் ஓடுகிறது, வை என்றேன். அழுதாயா என்றுகூட எனக்குத் தெரியாது. அதன் பிறகு நீ என்னிடம் எதையுமே கேட்டதில்லை. பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை வரை ரோமில் இருப்போம். ராத்திரியிலும் போனை அணைக்கமாட்டேன். கோப்பைகளை அம்மா தன் சேலைக்குள் சுருட்டி வைத்திருக்கிறாள். ஒன்று போதும் என்றால் ஒன்றை அனுப்புகிறேன். ஏன் என்று கேட்கமாட்டேன்.

சாப்பிடு.

அப்பா