புரதத்தை மட்டும் எண்ணினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

தசை வளர்ச்சிக்குப் புரதம் ஏன் தேவை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் வேண்டும் என்ற கணக்கு சரியானதே. ஆனால் அந்தப் புரதத்தைத் தசையாக்க உடலுக்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வரும் என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. பல ஆண்டுகளாக ஓட்டப் பயிற்சி அளித்து வருகிறேன். அதனால்தான் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

என்னிடம் பயிற்சி பெற்ற 16 வயது மாணவி ஒருத்தி, 400 மீட்டர் ஓடுபவள். எங்கோ படித்துவிட்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாள். புரதப் பவுடர் கலந்த பாட்டில் எப்போதும் கையில் இருக்கும். சாப்பிடுவதையெல்லாம் எடை போட்டு ஒரு சின்ன நோட்டில் குறித்து வந்தாள். முதல் சில வாரங்களில் எடை குறைந்தது, ஓடும் நேரமும் கொஞ்சம் குறைந்தது. நானும் பாராட்டினேன். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

பிறகு கடைசி 100 மீட்டரில் கால் எழவே மறுத்தது. இரண்டு மூன்று நாளில் ஆற வேண்டிய தசைவலி ஒரு வாரம் வரை இழுத்தது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை போன்ற விரிசல். மாதவிடாய் நின்று ஐந்து மாதம் ஆகிவிட்டது என்று அவள் தாய் அப்போதுதான் சொன்னார். நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

கடுமையான எடைப் பயிற்சிக்குப் பிறகு ஒரு நாளுக்கும் மேலாகத் தசையில் புதிய புரதம் கட்டும் வேலை வேகமாக நடக்கிறது. அதற்கு ஆற்றல் செலவாகும். சாப்பாடு போதாவிட்டால், வீடு கட்ட வாங்கி வைத்த மரத்தை அடுப்பில் வைப்பதுபோல, உடல் அந்தப் புரதத்தில் ஒரு பங்கையே எரித்துவிடுகிறது. தசையில் எரிபொருள் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைப் பொருளோ மாவுச்சத்திலிருந்துதான் முக்கியமாக நிரம்புகிறது. அதை வெகுவாகத் தீர்த்துவிடும் பயிற்சிக்குப் பின், நன்றாகச் சாப்பிட்டாலும் மீண்டும் நிரம்ப ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும். சாப்பிடாத பிள்ளை மறுநாள் அரைகுறைச் சேமிப்போடுதான் மைதானத்துக்கு வருகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. பற்றாக்குறை நீடித்தால் உடல் சிக்கனத்தில் இறங்கும். தைராய்டு ஹார்மோன் குறையும், இனப்பெருக்க ஹார்மோன்கள் அடங்கும், வளர்சிதை மாற்றம் மந்தமாகும். அதனால் எடை இறங்குவது நின்றுபோகும். பிள்ளையோ தான் இன்னும் அதிகமாகச் சாப்பிடுவதாக நினைத்து மேலும் குறைக்கும். இந்த நிலையை விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் பெயரிட்டு எச்சரித்தது. ஆண்களுக்கும் இது வரும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து, எவ்வளவு எடை தூக்கினாலும் தசை ஏறாமல் நிற்பார்கள்.

பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் புரதம் குடித்தே ஆக வேண்டும் என்ற பதற்றத்தையும் உங்கள் கட்டுரை வளர்த்திருக்கிறது. நாள் முழுவதும் மொத்தமாக எவ்வளவு சேர்கிறது என்பதே முக்கியம். வேளைக்கு 20 முதல் 40 கிராம் வரை பிரித்துச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

அந்த மாணவி மருத்துவர், உணவியல் நிபுணர் இருவரின் மேற்பார்வையில் தேறி வருகிறாள். நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டாள். அதன் கடைசிப் பக்கங்களில் இரவு உணவுக்கான கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன.

விளையாட்டு மருத்துவர் ஒருவரைக் கொண்டு இந்தப் பற்றாக்குறையின் அறிகுறிகளைத் தனிக் கட்டுரையாக எழுதி வெளியிடுங்கள். மாதவிடாய் தவறுவது, ஆறாத வலி, அடிக்கடி வரும் சளிக்காய்ச்சல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றைப் பெற்றோர் கண்ணில் படும்படி பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தடகளப் பயிற்சியாளர்