படம் வேற, மடம் வேற

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல இஸ்தான்புல் பக்கத்துல இருக்கற ஹெய்பெலிஅடா தீவு பத்தி அரைப்பக்கம் வந்துச்சு, நல்லாதான் இருந்துச்சு, டீக்கடையில ஒக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். ஆனா படம் தப்பு. நீங்க போட்டது மலை உச்சியில இருக்கற செமினரி, அதாவது சாமியாருங்கள படிக்க வெக்கற பள்ளி, 1844ல ஆரம்பிச்சு 1971ல மூடினது. கட்டுரை பேசறது கீழ கடற்படை வளாகத்துக்குள்ள மாட்டிகினு இருக்கற, ஒரு பழைய மடத்தோட சின்னஞ்சிறு மாதா கோயில, பேரு கமாரியோட்டிசா. ரெண்டும் வேற வேற.

படத்த விடுங்க, "அழிந்துபோன பைசாந்திய மடத்தின் எச்சம்"னு ஒரே வரியில முடிச்சிட்டீங்களே, அதுதான் எனக்கு ஒப்பல. ஏதோ ஒரு நாள்ல இடிச்சு தள்ளின மாதிரி இருக்குது. நடந்தது அப்படி இல்ல. துருக்கிக்காரங்களுக்கு முன்னாடி அங்க ஆண்ட கிறிஸ்தவ ராஜ்ஜியம்தான் பைசாந்தியம், அதோட பேரரசர் எட்டாம் யோவானும் அவர் சம்சாரம் மரியா கொம்னேனேவும் கட்டினதா சொல்ற மடம் அது, அந்தம்மா 1439ல இறந்துட்டாங்க, இஸ்தான்புல் நகரமே 1453ல துருக்கி சுல்தான் கைக்கு மாறிடுச்சு. அதுக்கு முன்னாடி பைசாந்தியக்காரங்க கட்டின கடைசி கோயில் இதுதான்னு சொல்லுவாங்க. நாலு பக்கமும் அரைவட்டமா வெளிய தள்ளிகினு நடுவுல ஒரு குவிமாடம், மேல இருந்து பாத்தா நாலு இதழ் பூ மாதிரி இருக்கும்.

ராஜாங்கம் போன பிறகும் மடம் ஓடிச்சு. 17ஆம் நூற்றாண்டுல அத எடுத்துக் கட்டினவரு பனாயோட்டிஸ் நிகூசியோஸ், சுல்தான் அரசாங்கத்துல தலைமை மொழிபெயர்ப்பாளர், நம்ம ஊரு பழைய பேச்சுல சொன்னா துபாஷி. 1673ல இறந்தாரு, அவரையும் அங்கயேதான் அடக்கம் பண்ணாங்க. 1831ல மடத்துல கிரேக்கப் பசங்களுக்கு வணிகம் சொல்லித்தர்ற பள்ளிக்கூடம் வந்துச்சு, அப்புறம் பள்ளிக்கூடமும் போயி கடற்படை வந்துச்சு. சாமியார் போனா வாத்தியார், வாத்தியார் போனா சிப்பாய்.

இதெல்லாம் ஒரு வேலூர்க்காரனுக்கு எதுக்குன்னு கேப்பீங்க. நான் சத்துவாச்சாரி. 1981க்கு முன்னாடி கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில்ல சாமியே இல்ல, உங்களுக்கும் தெரியும். அஞ்சாவது படிக்கறப்ப ஆயா கூட்டிகினு போச்சு, உள்ள வவ்வா நாத்தம், கருவறையில ஒண்ணுமே இல்ல, ஆயா அந்த வெறும் இருட்டப் பாத்து கன்னத்துல போட்டுகிச்சு. இன்னாத்துக்கு ஆயா கும்பிடறன்னு கேட்டா "சாமி நம்ம ஊர்ல இருக்குதுடா, வூடு இங்க இருக்குது"ன்னுச்சு. லிங்கம் அப்ப எங்க சத்துவாச்சாரியிலதான் இருந்துச்சு. பட்டாளத்துக்காரன் ஆயுதக் கிடங்கா வெச்சிருந்த கோயில்தான் அது, ஆனா கல்யாண மண்டபத்துல யாளியும் குதிரைவீரனும் இன்னைக்கும் அப்படியே நிக்குது. அந்த மண்டபத்த பேத்து கப்பல்ல ஏத்தி சீமைக்கு கொண்டுபோக வெள்ளைக்காரன் பாத்தான்னும் கதை சொல்லுவாங்க.

அதனாலதான் சொல்றேன், அந்த தீவுல மடம் "அழிஞ்சுபோச்சு"ன்னு எழுதறத விட யார் யார் கைக்கு போச்சுன்னு எழுதுங்க. பட்டாளம் காம்பவுண்டு போட்டு பூட்டி வெச்சது கும்பிட வர்றவங்களுக்கு கஷ்டம்தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா அதே காம்பவுண்டுதான் அங்க பிளாட் போடாம காப்பாத்திச்சோன்னும் தோணுது. நம்ம அகழிக்கரைக்கு அந்தாண்ட என்ன கதின்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் போறவங்களுக்கு தெரியும்.

எங்க மச்சான் பையன் கப்பல்ல வேலை பாக்கறான், ரெண்டு வருஷம் முன்னாடி இஸ்தான்புல்ல லீவு கெடச்சப்ப படகு ஏறி அந்த தீவுக்கு போயிருக்கான், கேட்டுல நின்ன காவக்காரன் கையாலயே போ போன்னு காட்டிட்டானாம். அவன் எடுத்த போட்டோல மதில் சுவரும் ஒரு பைன் மரமும்தான் தெரியுது. அடுத்த வாரம் திருத்தம் போடறதா இருந்தா சொல்லுங்க, வாட்ஸ்அப்ல அனுப்பறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர்