குடிநீர் மாசு குறித்த உண்மைகளை நாள்வாரியாக வெளியிடக் கோரி மேயருக்கு ஒரு மனு

அனுப்புநர்:
கழிவுநீர் கலந்த குடிநீரால் பாதிக்கப்பட்ட தெருக்களின் குடியிருப்போர்

பெறுநர்:
மேயர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்

பொருள்: குடிநீரில் கழிவுநீர் கலந்த நாட்களில் நடந்தவற்றை முழுமையாக வெளியிடவும், பாதிக்கப்பட்ட தெருவிலேயே பொதுக்கூட்டம் நடத்தவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கு, வணக்கம்.

உடைந்த குழாயை மாற்றிவிட்டீர்கள். தோண்டிய சாலையையும் மூடிவிட்டீர்கள். மருத்துவமனையில் படுத்திருந்தவர்களைப் பார்க்க நீங்கள் நேரில் வந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் மூன்று மாதங்கள் கழிந்த பிறகும் எங்கள் தெருக்களில் குழாய் நீரை யாரும் குடிப்பதில்லை. துணி துவைக்கவும் தரை துடைக்கவும்தான் அது பயன்படுகிறது. 'குடிநீர் பாதுகாப்பானது' என்று மேல்நிலைத் தொட்டியின் சுவரில் உங்கள் அலுவலகம் ஒட்டிய அறிவிப்பு இன்னும் கிழியாமல் இருக்கிறது. லாரித் தண்ணீருக்காகக் காலிக் கேன்கள் வரிசை கட்டி நிற்பதும் அதே சுவரின் அடியில்தான்.

இதை வீண் பயம் என்று அதிகாரிகள் சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டோம். அப்படியல்ல. பிள்ளைகள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த நாட்களிலும் இதே வாசகத்தைத்தான் எங்களிடம் சொன்னார்கள். அன்று பொய்யாகிப்போன ஒரு வாக்கியத்தை இன்று எந்த ஆதாரத்தில் நம்புவது?

எங்களில் ஒரு தாய், மகனின் பழைய கணக்கு நோட்டில் அந்த நாட்களைக் குறித்து வைத்திருக்கிறார். முதல் நாள்: 'சாக்கடை வாடை. புகார் சொன்னேன். புகார் எண் தரவில்லை.' மூன்றாம் நாள்: 'சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. வேறு யாரும் புகார் சொல்லவில்லையே என்றார்கள்.' அன்று காலையிலேயே அடுத்த வீட்டுக்காரரும் அதே அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அவரிடமும் 'வேறு யாரும் சொல்லவில்லையே' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஏழாம் நாள்தான் நீர் விநியோகம் நிறுத்தப்பட்டது.

இடையில் நான்காம் நாள் இரவு நடந்ததையும் சொல்ல வேண்டும். டார்ச் விளக்குடன் வால்வைத் திறந்து பார்த்த ஒரு பணியாளர், திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், 'இரண்டு நாளைக்கு இதைக் குடிக்காதீர்கள்' என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையால் அந்த வரிசை வீடுகளில் யாரும் நோயில் விழவில்லை. அந்த வாரம் முழுவதும் எங்களுக்குக் கிடைத்த ஒரே உண்மை அது. அதையும் அவர் பயந்து பயந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் யார் என்று தயவுசெய்து தேட வேண்டாம். ஆபத்தைக் கண்டு மக்களை எச்சரிக்கும் கடைநிலை ஊழியர்மீது நடவடிக்கை இருக்காது என்று எழுத்துப்பூர்வ ஆணை ஒன்று பிறப்பியுங்கள். அடுத்த முறை அவர் உரக்கச் சொல்லட்டும்.

எங்கள் முதன்மையான கோரிக்கை, அந்த ஏழு நாட்களின் முழு விவரம். முதல் புகார் எப்போது வந்தது, யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது, மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, ஆய்வக முடிவு யார் கைக்கு வந்தது, விநியோகத்தைத் தொடரலாம் என்று முடிவு செய்தவர் யார் என்பதெல்லாம் தேதியுடன் வெளிவர வேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டன் நகரில் கிருமி கலந்த குடிநீரால் 7 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள். நீர் கெட்டிருப்பதைக் காட்டும் ஆய்வக முடிவு கையில் இருந்தும், நகர நீர்வாரிய மேலாளர் சுகாதாரத் துறையிடம் அதை மறைத்தார். குளோரின் பதிவேடுகளில் பொய்க் கணக்கு எழுதப்பட்டிருந்ததும் வெளியே வந்தது. நீதிபதி ஓ'கானர் தலைமையிலான விசாரணை அந்த ஊரிலேயே நடந்தது. எந்த நாளில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பது அறிக்கையாகவே வெளியானது. எங்களுக்கும் அப்படி ஓர் அறிக்கை வேண்டும். யாரையாவது சிறைக்கு அனுப்புவதற்காக இதைக் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று தெரியாதவரை, அது மறுபடி நடக்காது என்பதை எங்களால் நம்ப முடியவில்லை.

ஒரு வேண்டுகோள். கேமராக்களின் முன் எங்கள் தெருக் குழாயில் ஒரு டம்ளர் நீர் பிடித்துக் குடித்துக் காட்ட வேண்டாம். அமெரிக்காவின் பிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படாததால் ஈயம் நீரில் கரைந்தது. இயந்திரப் பாகங்கள் அரிக்கின்றன என்று ஒரு கார் தொழிற்சாலை சில மாதங்களிலேயே அந்த நீரைக் கைவிட்டது. மக்களோ தொடர்ந்து குடித்தார்கள். 2015 ஜூலையில் அந்நகர மேயர் தொலைக்காட்சியில் ஒரு கோப்பைக் குழாய் நீரைக் குடித்துக் காட்டினார். அக்டோபரில் பழைய ஆதாரத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. நவம்பர் தேர்தலில் அவர் தோற்றார். நீங்கள் குடிப்பதைவிட, நாங்களே சோதித்துப் பார்க்க வழி செய்வதுதான் எங்களுக்கு உதவும்.

அதற்குப் பெரிய செலவு ஆகாது. குழாய் முனையில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இதைச் சில நிமிடங்களில் வாசலிலேயே பார்த்துவிடலாம். திடீரென்று அளவு குறைந்தால் குழாய்க்குள் ஏதோ கலந்திருக்கலாம் என்று உடனே தெரியும். எங்களில் சிலருக்குப் பயிற்சியும் சோதனைப் பெட்டியும் கொடுங்கள். கிருமிச் சோதனைக்கான மாதிரிகளை எங்கள் கண்முன் எடுத்து, மாநகராட்சியைச் சாராத ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு நல்லதோ கெட்டதோ, தெருவின் பெயருடன் தொட்டிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு புகாருக்கும் எண்ணும் ஒப்புகைச் சீட்டும் கட்டாயமாகட்டும்.

கூட்டத்தை எங்கள் தெருவிலேயே, கதவு மூடாமல் நடத்துங்கள். லண்டனில் 2017 ஜூனில் 72 உயிர்களைப் பலிகொண்ட கிரென்ஃபெல் கோபுரத் தீவிபத்துக்குப் பின், உள்ளாட்சி மன்றம் தன் முதல் கூட்டத்தைப் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் இல்லாமல் நடத்தப் பார்த்தது. பத்திரிகையாளர்களை அனுமதிக்க நீதிமன்றம் உத்தரவிட்டதும் கூட்டத்தையே பாதியில் நிறுத்தினார்கள். மறுநாள் மன்றத் தலைவர் பதவி விலகினார். எங்கள் கூட்டத்தில் கோபமாகப் பேசுபவர்கள் இருப்பார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடியவர்கள் அவர்கள். நடுவில் எழுந்து போகாமல், கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை நீங்கள் இருக்க வேண்டும். பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றே சொல்லுங்கள். எந்தத் தேதியில் சொல்வீர்கள் என்பதை மட்டும் குறித்துக் கொடுங்கள்.

இந்த மனு கிடைத்த 15 நாட்களுக்குள் கூட்டத்தின் தேதியையும், நாள்வாரி அறிக்கை வெளியாகும் தேதியையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட தெருக்களின் குடியிருப்போர்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், மேலே குறிப்பிட்ட நோட்டின் நகல், ஏழு பக்கங்கள். மூல நோட்டு அந்தத் தாயிடமே இருக்கிறது. கூட்டத்துக்கு அவர் அதைக் கொண்டுவருவார்.