அசைந்து கொடுக்கும் சுவர்

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். நான் விசாரித்ததாகச் சொல். என் பக்கம் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. அதே ஐஸ் ரிங்க் (பனிக்கட்டி ஆட்டத் தளம்) பராமரிப்பு வேலை, அதே முதுகுவலி.

உன் பையன் ஐஸ் ஹாக்கியில் சேர்ந்ததைப் பற்றி நீ எழுதியதைப் படித்துச் சிரிப்பும் வந்தது, உன்மேல் பரிதாபமும் வந்தது. யாரோ ஒரு பெரிய பையன் போய் மோதியதும் ரிங்கைச் சுற்றி நிற்கிற சுவரின் கண்ணாடி முழுக்க அதிர்ந்ததாம், நீ நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாயாம். "அது உடைந்து பிள்ளைகள் மேல் விழுந்தால் என்னடா ஆகும்?" என்று கேட்டிருக்கிறாய். இதையே வேலையாகச் செய்கிறவனிடம் கேட்டுவிட்டாய், நீளமான பதிலைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் அந்தச் சத்தம். அதைக் கேட்டு நீ பயப்படுகிறாய், எனக்கோ அது வந்தால்தான் நிம்மதி. சுவர் நகர்ந்திருக்கிறது, மோதிய வேகத்தில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆள் மோதியும் சுவர் அசையாமல் 'டொக்' என்று நின்றால் அந்த மொத்த அடியும் எங்கே போகும்? தோள்பட்டைக்கும் தலைக்கும்தான். கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கும்போது கையைக் கொஞ்சம் பின்னால் இழுப்போமே, அந்த வேலையைச் சுவர் செய்ய வேண்டும். கணக்கு எளிதானது. மோதுகிறவன் நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் 2 செ.மீ. என்பது 6 செ.மீ. ஆனால், அவன்மேல் விழும் சராசரி விசை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

சரி, அப்படியானால் சுவரை மெத்தை மாதிரி கட்டிவிடலாமே என்று கேட்பாய். அங்கேதான் சிக்கல். அந்தச் சுவருக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள் இருக்கின்றன. பக் என்பது பந்துக்குப் பதிலாக ஸ்டிக்கால் அடித்து ஆடுவது, 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள கெட்டி ரப்பர், எடை 170 கிராமுக்குள். ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்துவிடுவார்கள். பெரிய லீக்குகளில் அது மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் பறக்கும். 2012-இல் ஸ்டெனோ சாரா என்ற ஆட்டக்காரர் ஒரு திறன் போட்டியில் 175 கி.மீ. வேகத்தில் அடித்திருக்கிறார். அது வந்து மோதும்போது பக்கின் விளிம்பு தொடுகிற துளி இடத்தில்தான் அடி முழுக்க விழும். அதற்குச் சுவர் கெட்டியாக இருக்க வேண்டும், பக் சீராகத் திரும்பி வரவும் வேண்டும். ஆளின் கணக்கு வேறு. 80 கிலோ ஆள் வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்தால், பறக்கிற பக்கைவிடச் சுமார் 15 மடங்கு ஆற்றலோடு வருகிறான். அவனுக்குச் சுவர் இளகியிருக்க வேண்டும். பக்குக்குக் கெட்டி, ஆளுக்கு இளக்கம், இரண்டையும் ஒரே பலகையில் கொண்டுவருவதுதான் எங்கள் தொழிலின் பாடு.

நீ பார்த்த அந்த வெள்ளைப் பலகையைத்தான் போர்டு என்கிறோம். உள்ளே இரும்பு அல்லது அலுமினியச் சட்டம், முகப்பில் பாலிஎத்திலீன் தகடு. வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். விதிப்படி உயரம் 40 முதல் 48 அங்குலத்துக்குள் இருக்கலாம், 42 அங்குலம் இருந்தால் உத்தமம். அடியில் மஞ்சள் நிறத்தில் ஓடுவது ஸ்கேட்டும் ஸ்டிக்கும் இடிக்கிற பட்டை. போர்டுக்கு மேலே நிற்கிற கண்ணாடி இரண்டு முனைகளிலும் 8 அடி, பக்கவாட்டில் குறைந்தது 5 அடி. ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம், மூலைகள் 28 அடி ஆரத்தில் வளைந்திருக்கும். செங்கோணத்தில் ஒரு மூலை இருந்தால் பக் அங்கேயே கிடக்கும், அதை எடுக்கப் போனவனும் அங்கேயே மாட்டிக்கொள்வான்.

இனி நீ கேட்ட கண்ணாடி. அது கண்ணாடியாகவும் இருக்கலாம், அக்ரிலிக் பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம், எல்லோரும் கண்ணாடி என்றே சொல்வோம். உண்மைக் கண்ணாடி என்றால் டெம்பர்டு கண்ணாடி. அதன் மேற்பரப்பு எப்போதும் அழுத்தத்தில் இருக்கும், நடுப்பகுதி எப்போதும் இழுவிசையில் இருக்கும். அதனால் நடுவில் பலமாக அடித்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் அந்த மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போய்விட்டால் போதும், பலகை மொத்தமும் ஒரு நொடியில் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். வீட்டு ஜன்னல் போலக் கத்தி கத்தியாக உடையாது, சின்னக் கட்டிகளாக விழும். அது ஆளைப் பெரிதாக வெட்டாது. ஐஸ்மேல் கிடக்கிற ஒவ்வொரு துண்டையும் பொறுக்கி முடிக்கும்வரை ஆட்டம் நிற்கும், அவ்வளவுதான். ஆக, உன் கேள்விக்குப் பதில் இதுதான்: உடைந்து விழுவதை நினைத்து நீ தூக்கம் கெட வேண்டாம்.

அக்ரிலிக் எடையில் பாதிக்கும் குறைவு. வளைவதில் கண்ணாடிக்கும் அதற்கும் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம், அதனால் ஆள் மோதினால் தெரிகிற மாதிரி வளையும். குறை என்னவென்றால் கீறல் விழும். பக் பட்ட கறுப்புத் தடங்களும் சேர்ந்து கொஞ்ச நாளில் பனி மூட்டமாகிவிடும். போதாததற்கு, புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஜன்னல் துடைக்கிற அம்மோனியாத் திரவத்தை அதன்மேல் அடித்துவிடுவார்கள். அக்ரிலிக்குக்கு அது ஆகவே ஆகாது, மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். எங்கள் ஸ்டோர் ரூம் கதவில் இதை நான் பெரிதாகவே எழுதி ஒட்டியிருக்கிறேன், யாரும் படிப்பதில்லை.

ஒரு பலகையை மாற்றுவதை நீ ஒரு நாள் பார்க்க வேண்டும். கண்ணாடி என்றால் உறிஞ்சுகிற கைப்பிடிகளை ஒட்ட வைத்து ஆட்கள் சேர்ந்துதான் தூக்க வேண்டும். இரண்டு பக்கத் தூண்களின் பள்ளத்தில் ரப்பர் பட்டை இருக்கும், அது குளிரில் விறைத்துப்போய் விரலை மடக்க விடாது. உள்ளே இறக்கியதும் உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்போம். கொஞ்சம் ஆடினால் சரி. ஆடவே இல்லை என்றால் எங்கேயோ இறுக்கி முடுக்கியிருக்கிறோம், அவிழ்த்து மறுபடி போட வேண்டும்.

இந்த விஷயத்தில் தொழிலே ஒரு காலத்தில் தவறான பக்கம் போனது. தூண்களே இல்லாமல், கனமான டெம்பர்டு கண்ணாடிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்துகிற முறை 1990களில் பல அரங்கங்களுக்கு வந்தது. ரிங்கை ஒட்டி உட்காருகிறவர்களுக்குக் காட்சி பிரமாதம், அந்த இருக்கைகளை அதிக விலைக்கு விற்கவும் முடிந்தது. மோதிய ஆட்டக்காரர்களுக்கோ அது கற்சுவர். அவர்கள் பல காலம் புலம்பிய பிறகு, 2011–12 சீசனுக்குள் எல்லா அரங்கங்களும் அதை எடுத்துவிட வேண்டும் என்று என்.எச்.எல். முடிவெடுத்தது. பார்க்கிறவன் கண்ணுக்காக ஆடுகிறவன் தோளைப் பணயம் வைத்ததை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன். சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் போட்டிகளில் ஏழு ஆண்டுக் காயங்களை அலசிய ஓர் ஆய்வில், வளைந்து கொடுக்கும் போர்டும் கண்ணாடியும் உள்ள இடங்களில் காயம் ஏற்படும் அபாயம் 29 சதவீதம் குறைந்திருந்தது. விதியை மாற்றவில்லை, ஆட்டக்காரர்களுக்கு உபதேசம் பண்ணவில்லை. சுவரை மாற்றியதில் வந்தது இது.

ஆனால் முரளி, நான் ரிங்கைச் சுற்றி வரும்போது முதலில் பார்ப்பது நடுச் சுவரை அல்ல. சுவர் எங்கே முடிகிறது, எங்கே மாறுகிறது என்றுதான் பார்ப்பேன். கண்ணாடி நின்று ஆட்டக்காரர்கள் உட்காருகிற பெஞ்ச் தொடங்குகிற இடம், கதவு, இரண்டு பலகைகள் சேருகிற இடம், வெளியே தலை நீட்டுகிற திருகு. 2011 மார்ச் 8 அன்று மான்ட்ரியலில் மாக்ஸ் பாச்சியொரெட்டி என்ற ஆட்டக்காரர் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி ஓடும்போது, நான் மேலே சொன்ன அதே சாரா அவரை இடித்தார். இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவே, கண்ணாடி தொடங்குகிற தூணில் தலை போய் மோதியது. தூணுக்கு மெத்தை சுற்றித்தான் இருந்தது. கழுத்தெலும்பில் முறிவு, மூளை அதிர்ச்சி வேறு. நல்ல வேளை, அடுத்த சீசனில் திரும்ப ஆடினார். அதே இடி பத்து அடி தள்ளி விழுந்திருந்தால் கண்ணாடியில் உரசிவிட்டுப் போயிருப்பார். அதற்குப் பிறகுதான் அந்த முனைகளில் செங்குத்தான தூணுக்குப் பதிலாக வளைந்த கண்ணாடி வந்தது. மோதுகிறவனை அது நிறுத்தாது, வழுக்கித் திருப்பிவிடும். கதவுகள் ஐஸ் பக்கம் திறக்கக் கூடாது என்கிற பழைய விதிக்குப் பின்னாலும் இதே காரணம்தான்.

பார்வையாளர்களைப் பற்றி நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். 2002 மார்ச்சில் கொலம்பஸ் நகரில், கண்ணாடிக்கு மேலே பறந்த பக் பட்டு ஒரு 13 வயதுச் சிறுமி இறந்துபோனாள். அடுத்த சீசன் முதல் எல்லா என்.எச்.எல். அரங்கங்களிலும் இரண்டு முனைகளிலும் வலை கட்டாயமாயிற்று. வலை மறைக்கிறது என்று அப்போது குறைபட்டவர்களும் உண்டு. உன் பையன் ஆடுகிற இடத்தில் வலை இல்லாத பக்கம் உட்கார்ந்தால் செல்போனை உள்ளே வைத்துவிட்டு பக்கைப் பார்.

எவ்வளவு நல்ல சுவராலும் முடியாத ஒன்று இருக்கிறது. 1995-இல் டிராவிஸ் ராய் என்ற 20 வயது இளைஞர் பாஸ்டன் பல்கலைக்கழக அணிக்கு முதல் ஆட்டம் ஆட இறங்கி, 11 வினாடிகளில் தலை குப்புறப் போர்டில் மோதினார். கழுத்துக்குக் கீழே செயல் போய்விட்டது. தலை குனிந்திருக்கும்போது கழுத்தெலும்புகள் வளைவை இழந்து நேர்க்கோட்டில் நிற்கின்றன, உச்சந்தலையில் விழும் அடி அப்படியே எலும்பில் இறங்குகிறது. போர்டு சில சென்டிமீட்டர் வளைவதெல்லாம் அங்கே போதாது. அதனால்தான் சிறுவர்களுக்கு "தலையைத் தூக்கு, குனியாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சில ரிங்குகளில் போர்டை ஒட்டிச் சுற்றிலும் 40 அங்குல அகலத்தில் ஆரஞ்சு நிறப் பட்டை போட்டிருப்பார்கள், சுவர் நெருங்குகிறது என்று ஓடுகிறவனுக்குத் தெரிவதற்காக. ஆபத்தான இடம் சுவரிலிருந்து மூன்று, நான்கு அடி தள்ளி. சுவரோடு ஒட்டி நிற்கிறவனைத் தள்ளினால் அவன் அமுங்குவான், அவ்வளவுதான். நான்கடி தள்ளி நிற்கிறவனை முதுகில் தள்ளினால் அவன் பறந்துபோய் மோதுவான். முதுகில் இடிப்பதற்கு நடுவர் கொடுக்கிற தண்டனை கடுமையாக இருப்பது அதனால்தான்.

உன் பையனுக்கு 11 வயது. அந்த வயதில் உடம்பால் இடித்து ஆடுவதை அமெரிக்கா 2011-இலும் கனடா 2013-இலும் நிறுத்திவிட்டன. ஆகவே இப்போதைக்கு அவன் மோதப்போவது பெரும்பாலும் தானாகக் கால் தவறித்தான். சுவர் ஓரம் பக்கை எடுக்கப் போகும்போது நேராகப் போகாமல் சாய்வாகப் போகவும், விழுந்தால் தோளும் முதுகும் முதலில் படும்படி திரும்பவும் பயிற்சியாளரிடம் சொல்லி அவனைப் பழக்கச் சொல். நீ சொன்னால் கேட்க மாட்டான், அவர் சொன்னால் கேட்பான்.

அடுத்த முறை போகும்போது ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை செய். அந்தக் கண்ணாடியை விரல் கணுவால் தட்டிப் பார். கணீரென்று கேட்டால் கண்ணாடி, மந்தமாகக் கேட்டால் அக்ரிலிக். அப்படியே பெஞ்ச் பக்கம் நடந்துபோய், கண்ணாடி முடிகிற இடத்தில் என்ன வைத்திருக்கிறார்கள், கதவுத் தாழ்ப்பாள் ஐஸ் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறதா, மஞ்சள் பட்டையில் திருகு ஏதாவது எழும்பியிருக்கிறதா என்று ஒரு நோட்டம் விடு. இருந்தால் வெட்கப்படாமல் அங்கே வேலை பார்க்கிறவரிடம் சொல். நானாக இருந்தால் உனக்கு நன்றிதான் சொல்வேன். பார்த்ததை எனக்கும் எழுது, முடிந்தால் படமும் எடுத்து அனுப்பு. அம்மாவுக்கு இன்னும் ஒரு மாதம் தூசியில் போக வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
சேகர்